சிவப்பு விளக்கு எரிந்தால் எந்த ஃபேடரை இறக்குவது?

கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டக் குடியிருப்பில் இருக்கும் ஒரு தம்பி அனுப்பிய கேள்வி இது. மாசியில் நடந்த காமன் கூத்தை 8 மைக் வைத்துப் பதிவு செய்திருக்கிறார். தப்புக்கு 3, உறுமிக்கு 1, முன்பாட்டுக்காரர் இருவருக்கும் ஆளுக்கொன்று, பின்பாட்டுக் கூட்டத்துக்கு 2. புரோ டூல்ஸ் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மிக்ஸ் செய்கிறார். மாஸ்டர் ஃபேடர் (மொத்த ஒலியின் அளவை ஏற்றி இறக்கும் கைப்பிடி) டிராக்கில், ஒலி வரம்பு மீறுவதைக் காட்டும் சிவப்பு எரிகிறதாம். அதை இறக்கினால் சிவப்பு போய்விடுகிறது, முன்பாட்டுக்காரர் குரலில் இருக்கும் கரகரப்பு மட்டும் போகவில்லை. அப்புறம் மாஸ்டரில் ஒரு லிமிட்டரும் (உச்சம் ஒரு அளவைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) போட்டிருக்கிறார். பாட்டு முடிவில் ஃபேட்-அவுட் செய்தால், அதாவது சத்தத்தை மெல்லத் தேய்த்து முடித்தால், “கொஞ்ச நேரம் எதுவுமே குறையல, அப்புறம் மொத்தமா விழுது” என்கிறார். மாஸ்டர் ஃபேடரைப் பூஜ்யத்திலிருந்து அசைத்தாலே பாவம் என்று நண்பர்கள் வேறு பயமுறுத்தியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு அந்த டிராக்கில் சென்ட் (ஒலியின் ஒரு பிரதியை வேறிடத்துக்கு அனுப்புவது), மியூட், பேன் (இடம்-வலம் நகர்த்துவது) எதையும் காணோம், தான் தவறாக ஏதாவது திறந்துவிட்டோமோ என்ற சந்தேகமும்.

தவறாக எதையும் திறக்கவில்லை, தம்பி. உங்கள் நான்கு சந்தேகத்துக்கும் வேர் ஒன்றுதான். ஃபேடர் பாதையில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் பல வருஷம் ஸ்டூடியோக்களில் உட்கார்ந்துவிட்டு இப்போது குன்னூரில் ஒரு சின்ன அறையில் மிக்ஸ் செய்துகொண்டிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் நான் செய்த பெரிய தப்புகளில் பாதி, இந்த முன்-பின் குழப்பத்தில் வந்தவை.

நம் மலையில் பல வீடுகளுக்குத் தண்ணீர் வரும் விதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே சோலைக்குள் இரண்டு மூன்று ஊற்று. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கறுப்பு ஹோஸ் இறங்கி வந்து ஒரே தொட்டியில் விழும். தொட்டியிலிருந்து வீட்டுக்கு ஒரு குழாய், அதன் வாயில் ஒரு வால்வு. ஹோஸ்களில் இருக்கும் சின்னத் திருகுகள் உங்கள் டிராக் ஃபேடர்கள். தொட்டிதான் பஸ், பல டிராக்கின் ஒலி ஒன்றுசேரும் பாதை. வால்வு மாஸ்டர் ஃபேடர். வால்வுக்கென்று தனியாகத் தண்ணீர் கிடையாது. தொட்டியில் சேர்ந்ததை எவ்வளவு விடுவது என்பது மட்டும்தான் அதன் வேலை. அதனால்தான் மாஸ்டர் ஃபேடர் டிராக்கில் ஆடியோ கிளிப் வைக்க முடியாது, உள்ளீடு தேர்ந்தெடுக்க முடியாது, சென்ட் இல்லை, பேன் இல்லை, சோலோவும் மியூட்டும் இல்லை. அந்த டிராக்கை நீங்கள் உருவாக்காமலே விட்டாலும் பாட்டு வெளியே போய்க்கொண்டுதான் இருக்கும். கைப்பிடியும் மீட்டரும் இருக்காது, அவ்வளவுதான்.

இப்போது சிவப்பு ஏன் எரிகிறது என்று பார்ப்போம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, சமமான லெவலில் உள்ள 2 ஒலிகள் சேர்ந்தால் மொத்தம் சுமார் 3 டெசிபல் ஏறும். 4 சேர்ந்தால் 6, 8 சேர்ந்தால் 9. அச்சு அசலாக ஒரே ஒலி இரண்டு டிராக்கில் இருந்தால் நேராக 6 ஏறும். உங்கள் 8 டிராக்கும் தனித்தனியாக மைனஸ் 6-இல் உச்சம் தொட்டு நல்ல பிள்ளையாக நிற்கின்றன என்றே வைத்துக்கொள்வோம். எல்லாம் சேரும்போது கணக்குப்படி பிளஸ் 3 பக்கம் போய்விடும். மூன்று தப்பும் ஒரே அடியில் இறங்கும் இடத்தில் அதற்கும் மேலே. ஆகவே தனி டிராக்குகள் எல்லாம் பச்சையாக இருக்க மாஸ்டர் மட்டும் சிவப்பாவது உங்கள் பிழை இல்லை, கூட்டல் கணக்கு.

அந்தச் சிவப்பால் உள்ளுக்குள் சேதம் உண்டா? இன்றைய மென்பொருள்களில் பஸ்ஸுக்குள் சேதம் இல்லை. கணக்கு நடப்பது 32 அல்லது 64 பிட் ஃப்ளோட்டிங் பாயின்ட்டில். 32 பிட்டிலேயே பூஜ்யத்துக்கு மேல் சுமார் 770 டெசிபல் வரை இடம் இருக்கிறது. தப்பு எவ்வளவு வெறியோடு அடித்தாலும் அந்தத் தொட்டி நிரம்பி வழியாது. வழிவது கடைசி வாசலில். ஸ்பீக்கருக்கு ஒலியை மாற்றும் கன்வர்ட்டரும், 16 அல்லது 24 பிட் வேவ் கோப்பும் பூஜ்யத்துக்கு மேல் ஒரு நூல்கூட ஏற்காது, உச்சியை வெட்டிவிடும். ஆகவே வாசலுக்கு முன்னால் எங்கேயாவது இறக்கினால் போதும். மாஸ்டர் ஃபேடரை 4 டெசிபல் இறக்குவதும், எல்லா டிராக்கையும் 4 இறக்குவதும் வெறும் கூட்டலைப் பொறுத்தவரை ஒரே விடைதான்.

“வெறும் கூட்டலைப் பொறுத்தவரை” என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். நடுவில், சத்தமான இடங்களை அமுக்கும் கம்ப்ரஸர் மாதிரி ஏதாவது இருந்தால் இந்தச் சமன்பாடு உடையும். உங்கள் மூன்று தப்பு டிராக்கும் ஒரு ஆக்ஸுக்கு (பஸ்ஸில் சேர்ந்த ஒலியை வாங்கிக்கொள்ளும் டிராக்) போய், அங்கே கம்ப்ரஸர் வழியாக வருகிறது என்றால், டிராக்குகளை 4 இறக்கினால் கம்ப்ரஸருக்குள் போகும் லெவலும் 4 குறைந்துவிடும். நேற்று இரவு பாடுபட்டுப் பிடித்த தப்பின் அந்த அடர்த்தி காணாமல் போகும். மாஸ்டரை இறக்கினால் அந்த ஆக்ஸுக்கு ஒன்றும் ஆகாது. ஆகவே உங்கள் நண்பர்கள் சொல்வதற்கு நேர்மாறாக, பாதி மிக்ஸ் முடிந்த நிலையில் மாஸ்டரை இறக்குவதுதான் பெரும்பாலும் குறைந்த சேதம்.

அப்படியானால் “மாஸ்டரைத் தொடாதே” என்ற வேதம் எங்கிருந்து வந்தது? அது அனலாக் கன்சோல் காலத்து வார்த்தை. அந்தக் காலத்துக்கு அது சத்தியம். கன்சோலில் எல்லாச் சேனலும் ஒரு சம்மிங் ஆம்ப்ளிஃபயரில் சேரும், அதற்கு அப்புறம்தான் மாஸ்டர் ஃபேடர். சேனல்கள் அதிகமாகத் தள்ளினால் சம்மிங் ஆம்ப் முதலிலேயே மூச்சுத் திணறிவிடும். பின்னால் இருக்கும் ஃபேடரை இறக்கினால் திணறிய சத்தம்தான் சின்னதாகக் கேட்கும். ஆகவே பெரியவர்கள் மாஸ்டரைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு சேனல்களைக் குறைக்கச் சொன்னார்கள். டிஜிட்டல் வந்த பிறகும் கொஞ்ச காலம் இந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. புரோ டூல்ஸின் பழைய டி.டி.எம் அமைப்புகளில் மிக்ஸர் 48 பிட் முழு எண் கணக்கில் ஓடியது, மிக்ஸரை விட்டு பிளக்-இன்னுக்கு (ஒலியை மாற்றும் துணை நிரல்) போகும்போது 24 பிட்டாகச் சுருங்கும். பஸ் வழிந்தால் நிஜமாகவே வழிந்தது. அந்தத் தலைமுறை வேறு. 2013-இல் வந்த புரோ டூல்ஸ் 11-லிருந்து நிரலே 64 பிட்டுக்கு மாறிவிட்டது. விதி மட்டும் காரணத்தை விட்டுவிட்டுத் தனியாக நடந்துவந்திருக்கிறது.

அடுத்தது உங்கள் முன்பாட்டுக்காரரின் கரகரப்பு. மாஸ்டரை இறக்கியும் அது போகவில்லை என்றால், கரகரப்பு மாஸ்டருக்கு முன்னால் எங்கேயோ பிறந்திருக்கிறது. ஊற்றிலேயே சேறு கலந்துவிட்டால் வால்வை எவ்வளவு மூடினாலும் கொஞ்சமாக வரும் தண்ணீரும் சேறுதான். பிறந்த இடம் இரண்டில் ஒன்றாக இருக்கும். ஒன்று, பதிவு செய்யும்போதே மைக் ப்ரீஆம்ப் கெயின் அதிகமாகி வெட்டுப்பட்டிருக்கலாம். இன்னொன்று, குரல் டிராக்கிலோ குரல் ஆக்ஸிலோ இருக்கும் ஒரு பிளக்-இன்னுக்குள் வெட்டுப்படலாம். பஸ்ஸுக்கு 770 டெசிபல் இடம் இருக்கிறது என்பது உண்மை, ஆனால் பழைய டியூப் ப்ரீஆம்பையோ டேப்பையோ போலி செய்யும் பிளக்-இன்கள் வேண்டுமென்றே ஒரு எல்லைக்கு மேல் நெளியும்படி எழுதப்பட்டவை. அவற்றுக்குள் சூடாக அனுப்பினால் சூடாகத்தான் வரும்.

கண்டுபிடிப்பது சுலபம். குரல் டிராக்கிலும் ஆக்ஸிலும் உள்ள எல்லா இன்சர்ட்டையும், அதாவது செருகியிருக்கும் பிளக்-இன்களை, பைபாஸ் செய்துவிட்டு, டிராக்கைத் தனியாக சோலோ போட்டு, ஃபேடரை 10 இறக்கிக் கேளுங்கள். கரகரப்பு போய்விட்டால் குற்றவாளி பிளக்-இன். அப்படியே இருந்தால் அலைவடிவத்தைப் பெரிதாக்கி, உச்சஸ்தாயியில் பாடும் இடத்தைப் பாருங்கள். மலை முகடு மாதிரி கூராக இருக்க வேண்டியது மேசை மாதிரி தட்டையாக இருந்தால் பதிவிலேயே போய்விட்டது. இதைச் செய்யும்போது மீட்டர் உங்களை ஏமாற்றக்கூடும். புரோ டூல்ஸில் டிராக் மீட்டரை ஃபேடருக்கு முன்னால் காட்டும்படி ஒரு தேர்வு இருக்கிறது. அது போட்டிருந்தால் ஃபேடரை அடிமட்டத்துக்கு இறக்கினாலும் மீட்டர் குதித்துக்கொண்டே இருக்கும். பல பேர் இதைப் பார்த்து மென்பொருளே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியிருக்கிறார்கள்.

குற்றவாளி பிளக்-இன் என்றால், மாஸ்டர் ஃபேடரின் அதிகம் பேசப்படாத வேலை இங்கேதான் கைகொடுக்கும். நிறையப் பேர் மாஸ்டர் ஃபேடர் என்றால் செஷனுக்கு ஒன்று, அதுவும் மெயின் அவுட்டுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. புரோ டூல்ஸில் எந்த பஸ்ஸுக்கும் ஒரு மாஸ்டர் ஃபேடர் வைக்கலாம். புதிய டிராக் திறந்து, ஸ்டீரியோ, மாஸ்டர் ஃபேடர் என்று தேர்ந்தெடுங்கள். அதன் அவுட்புட் பெட்டியில் மெயின் அவுட்டுக்குப் பதிலாகக் குரல்கள் போகும் பஸ்ஸின் பெயரைக் கொடுங்கள். இப்போது அந்த ஃபேடர் குரல்கள் எல்லாம் தொட்டியில் சேர்ந்த பிறகு, ஆக்ஸுக்குள் நுழைவதற்கு முன்னால் உட்கார்ந்துவிட்டது. 6 டெசிபல் இறக்குங்கள். ஆக்ஸில் உள்ள முதல் பிளக்-இன்னுக்குப் போகும் லெவல் 6 குறைந்துவிடும். தனித்தனிக் குரல் ஃபேடர்கள், அவற்றில் வரி வரியாக எழுதிய ஆட்டோமேஷன் (தானாக நடக்கும் ஃபேடர் அசைவு), ரிவர்ப்புக்கு (அறை முழக்கம் சேர்ப்பது) போகும் சென்ட்கள் எதுவும் அசையாது. குறைந்த சத்தத்தை ஆக்ஸ் ஃபேடரில் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம்.

ஆக்ஸ் ஃபேடரை இறக்கினால் இதே வேலை ஆகாதா என்று கேட்பீர்கள். ஆகாது. ஆக்ஸில் இன்சர்ட்கள் ஃபேடருக்கு முன்னால். பிளக்-இன் நெளிந்து முடித்த பிறகுதான் ஆக்ஸ் ஃபேடர் வருகிறது.

ரிவர்ப்புக்கும் இதே வித்தை. எட்டு டிராக்கிலிருந்தும் ஒரு ரிவர்ப் பஸ்ஸுக்கு சென்ட் போயிருக்கும். மொத்த ரிவர்ப்பும் கொஞ்சம் அதிகம் என்றால் ரிவர்ப் ஆக்ஸை இறக்கினால் போதும். ஆனால் ரிவர்ப்புக்கு முன்னால் ஒரு கம்ப்ரஸரோ டேப் டிலேயோ வைத்து, அதற்குள் போவதைக் குறைக்க வேண்டும் என்றால் அந்த பஸ்ஸின் மாஸ்டர் ஃபேடர்தான் வழி. இல்லாவிட்டால் எட்டு சென்டையும் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி ஃபேட்-அவுட். நீங்கள் கேட்டதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் காது சரியாகப் பிடித்திருக்கிறது. புரோ டூல்ஸில் ஆடியோ டிராக், ஆக்ஸ் இரண்டிலும் இன்சர்ட்கள் ஃபேடருக்கு முன்னால். மாஸ்டர் ஃபேடர் டிராக்கில் மட்டும் இன்சர்ட்கள் ஃபேடருக்குப் பின்னால். வால்வுக்கு அந்தப் பக்கம் துணி கட்டியது மாதிரி. வால்வை மூட மூட துணிக்கு வரும் தண்ணீரே குறைந்துவிடும். உங்கள் லிமிட்டர் உச்ச இடங்களில் 4 டெசிபல் அமுக்கிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபேடரை முதல் 4 டெசிபல் இறக்கும்போது லிமிட்டர் அமுக்குவதைத்தான் நிறுத்துகிறது. வெளியே வரும் உச்சம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதற்கப்புறம்தான் நிஜமாகச் சத்தம் குறையத் தொடங்கும். அதுதான் நீங்கள் கேட்ட “எதுவுமே குறையல, அப்புறம் மொத்தமா விழுது”. அமுக்கம் விலகும்போது தப்பின் அடி திடீரென்று துள்ளிக்கொண்டு வரும், பின்பாட்டு பின்னால் போகும். மிக்ஸே மாறிவிட்ட மாதிரி இருக்கும்.

இதை ஏன் இப்படி வைத்தார்கள்? டித்தருக்காக. மிக்ஸை 24-லிருந்து 16 பிட்டுக்கு இறக்கும்போது சேர்க்கும் அந்த மெல்லிய இரைச்சல் எல்லாவற்றுக்கும் கடைசியாக இருக்க வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு ஃபேடர் இருந்தால், அந்த ஃபேடரின் பெருக்கல் புதிதாக நீளமான எண்களை உண்டாக்கி, போட்ட டித்தரை வீணாக்கிவிடும். ஃபேட்-அவுட்டின் கடைசி வினாடிகளில், ஒலி தேய்ந்து மறையும் இடத்தில்தான் இது காதில் படும். லிமிட்டருக்கும் அதே நியாயம்: மைனஸ் 1-இல் கூரை போட்டுவிட்டு அதற்கு அப்புறம் ஒரு ஃபேடரைப் பிளஸ் 2-க்கு ஏற்ற வழி இருந்தால் கூரைக்கு அர்த்தம் இல்லை.

ஆக, வடிவமைப்பு சரி, அதில் ஃபேட் செய்வதுதான் தவறு. நான் செய்யும் வழியைச் சொல்கிறேன். எல்லா டிராக்கையும் ஆக்ஸையும் நேரடியாக மெயின் அவுட்டுக்கு அனுப்பாமல், “மிக்ஸ்” என்று பெயரிட்ட ஒரு பஸ்ஸுக்கு அனுப்பி, அதை ஒரு ஸ்டீரியோ ஆக்ஸில் வாங்குவேன். மொத்த மிக்ஸுக்கான ஈ.க்யூ, மெல்லிய கம்ப்ரஸர் எல்லாம் அந்த ஆக்ஸில். அது மெயின் அவுட்டுக்குப் போகும். மெயின் அவுட்டுக்கு ஒரு மாஸ்டர் ஃபேடர், அதில் லிமிட்டர், மீட்டர், தேவைப்பட்டால் டித்தர் மட்டும். ஃபேட்-அவுட்டை மிக்ஸ் ஆக்ஸின் ஃபேடரில் எழுதுவேன். கம்ப்ரஸருக்குப் பின்னால் ஃபேடர் இருப்பதால் மிக்ஸின் குணம் மாறாமல் தேயும். லிமிட்டர் மட்டும் இன்னும் பின்னால் இருக்கிறது. அது 1, 2 டெசிபலுக்கு மேல் அமுக்காத அளவில் இருந்தால் யாருக்கும் தெரியாது. அதுவும் தெரிகிறது என்றால் மிக்ஸை ஒரு புதிய ஆடியோ டிராக்கில் பதிந்துகொண்டு, அந்த கிளிப்பிலேயே ஃபேட் போட்டுவிடுங்கள். பழைய வழி, பொய் சொல்லாத வழி.

இந்த முன்-பின் விஷயத்தில் நான் பட்ட அடியையும் சொல்லிவிடுகிறேன். குன்னூருக்கு வந்த புதிதில் என் அறைக்குத் தகரக் கூரை. ஜூலை மழை இரவு முழுக்கக் கூரையில் கொட்டிக்கொண்டிருக்க, ஒரு பக்திப் பாடல் தொகுப்பை மறுநாள் கொடுத்தாக வேண்டும். மழைச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. கைக்கு அருகில் இருந்தது மாஸ்டர் ஃபேடர். 5 டெசிபல் ஏற்றினேன். கேட்டது, திருப்தி, பவுன்ஸ் போட்டு, அதாவது ஒரே கோப்பாக்கி, அனுப்பிவிட்டேன். மறுநாள் மழை விட்ட பிறகு கேட்டால் மிருதங்கம் மெத்தையில் அடித்த மாதிரி இருந்தது. ஃபேடர் லிமிட்டருக்கு முன்னால் என்பதால் நான் ஏற்றிய 5 டெசிபலும் முழுசாக லிமிட்டருக்குள் போய்த் திணிக்கப்பட்டிருந்தது. சிவப்பு விளக்கு ஒன்றுகூட எரியவில்லை. லிமிட்டர் இருக்கும்போது எப்படி எரியும்? பணம் கொடுத்தவர் நல்லவர், திரும்பச் செய்ய விட்டார். அன்றிலிருந்து கேட்கும் சத்தத்துக்கு இன்டர்ஃபேஸில் உள்ள குமிழ் மட்டும்தான். மாஸ்டர் ஃபேடர் நாம் கேட்பதற்கான வால்யூம் இல்லை, அனுப்புவதற்கான அளவு. மழை நாளில் கடைசித் தீர்மானம் எடுப்பதையும் விட்டுவிட்டேன். ஹெட்ஃபோனில் பேலன்ஸ் மட்டும் பார்ப்பேன்.

நீங்கள் நாளைக்கு வேறு மென்பொருளுக்குப் போனால் இந்த வரிசை மாறிவிடும், அதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரீப்பரில் மாஸ்டர் டிராக் தானாகவே இருக்கும், எல்லா டிராக்கும் கேட்காமலே அதில் போய்ச் சேரும், அதிலுள்ள எஃபெக்ட்கள் ஃபேடருக்கு முன்னால். அங்கே லிமிட்டருக்குப் பிறகு ஃபேடர் வருவதால் ஃபேட்-அவுட் அழகாக வரும், ஆனால் ஃபேடரை ஏற்றினால் கூரை உடையும். ஏபிள்டன் லைவிலும் அப்படித்தான் (12-ஆம் பதிப்பில் மாஸ்டர் என்ற பெயரை மெயின் என்று மாற்றிவிட்டார்கள், பழைய பாடங்களைப் பார்த்துத் தேடாதீர்கள்). கியூபேஸ் இரண்டையும் தருகிறது. பழைய பதிப்புகளில் 8 இன்சர்ட்டில் கடைசி இரண்டு, 7-உம் 8-உம், ஃபேடருக்குப் பின்னால். புதிய பதிப்புகளில் எல்லைக்கோட்டை நீங்களே நகர்த்தலாம். ஸ்டூடியோ ஒன்னில் மெயின் சேனலில் பின்-இன்சர்ட்டுக்குத் தனி இடம் உண்டு. லாஜிக்கில்தான் ஆட்கள் அதிகம் குழம்புகிறார்கள். அங்கே ஸ்டீரியோ அவுட் என்று ஒன்று, மாஸ்டர் என்று இன்னொன்று. பிளக்-இன் போடும் இடம் ஸ்டீரியோ அவுட். மாஸ்டர் என்பது எல்லா அவுட்டுகளையும் ஒன்றாக ஏற்றி இறக்கும் கைப்பிடி மட்டும், இன்சர்ட்டே கிடையாது. எஃப்.எல். ஸ்டூடியோவில் வெறும் செஷன் திறந்தாலே மாஸ்டரில் ஒரு லிமிட்டர் உட்கார்ந்திருப்பது வழக்கம். அது இருப்பது தெரியாமல் தன் மிக்ஸ் வழியவே வழியாது என்று நம்பிக்கொண்டிருந்த ஒரு பையனை ஊட்டியில் பார்த்திருக்கிறேன்.

எந்த மென்பொருளாக இருந்தாலும் கையேடு தேட வேண்டாம், ஐந்து நிமிஷத்தில் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரு டிராக்கில் 1000 ஹெர்ட்ஸ் டோனை மைனஸ் 6-இல் ஓடவிடுங்கள். மாஸ்டரில் ஒரு கம்ப்ரஸர், த்ரெஷோல்ட் மைனஸ் 12. முள் அமுக்கத்தைக் காட்டும். இப்போது மாஸ்டர் ஃபேடரை 10 இறக்குங்கள். முள் பூஜ்யத்துக்குத் திரும்பினால் ஃபேடர் முன்னால், இன்சர்ட் பின்னால். முள் அசையாமல் நின்றால் இன்சர்ட் முன்னால். சோதனைக்கு முன் ஸ்பீக்கர் குமிழைக் குறைத்துவிடுங்கள். டோன் காதைப் பிய்க்கும், பக்கத்து வீட்டு நாய்க்கும் பிடிக்காது.

வி.சி.ஏ டிராக்கையும் மாஸ்டர் ஃபேடரையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம். வி.சி.ஏ வழியாக ஒலியே போவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கை எட்டு ஃபேடரையும் ஒன்றாகப் பிடித்து இறக்குவது போல. டிராக்குகள் நிஜமாகவே இறங்குவதால் ஃபேடருக்குப் பின்னால் எடுத்த சென்ட்களும் கூடவே இறங்கும், அதாவது ரிவர்ப்பும் சேர்ந்து குறையும். ஆக்ஸ் கம்ப்ரஸருக்குப் போகும் லெவலும் குறையும். பஸ்ஸின் மாஸ்டர் ஃபேடரில் ரிவர்ப் சென்ட்கள் அப்படியே நிற்கும். பின்பாட்டை ஒரு சரணத்தில் மொத்தமாகப் பின்னுக்குத் தள்ள வேண்டுமா, வி.சி.ஏ. பின்பாட்டு ஆக்ஸுக்குள் போகும் சூட்டைத் தணிக்க வேண்டுமா, மாஸ்டர் ஃபேடர்.

கடைசி லெவல் எவ்வளவு என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதைத்தான் கேட்பீர்கள். யூடியூப், ஸ்பாட்டிஃபை இரண்டும் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்கு ஒலிபரப்பைச் சமன்படுத்துகின்றன. அதைவிடச் சத்தமாகக் கொடுத்தால் அவர்களே இறக்கிவிடுவார்கள். நீங்கள் லிமிட்டரில் நசுக்கியதுதான் மிச்சம். ட்ரூ பீக் மைனஸ் 1-க்குக் கீழே இருக்கட்டும். எம்.பி.3 போல சுருக்கும்போது உச்சங்கள் கொஞ்சம் எகிறும், அதற்கான இடைவெளி அது. தப்பும் உறுமியும் உள்ள கூத்துக்கு மைனஸ் 14 என்ற எண்ணையே துரத்தவும் வேண்டாம். அந்த அடியின் கூர்மை போய்விட்டால் சத்தம் இருந்து என்ன பயன், மைனஸ் 16-லேயே விட்டாலும் எனக்குச் சம்மதம். வேறு ஒருவர் மாஸ்டரிங் செய்யப் போகிறார் என்றால் லிமிட்டரைக் கழற்றிவிட்டு, 24 பிட் கோப்பில் உச்சம் மைனஸ் 6 பக்கம் இருக்குமாறு மாஸ்டர் ஃபேடரை இறக்கிக் கொடுங்கள். 6 என்பது மந்திர எண் இல்லை. மைனஸ் 3 என்றாலும் உயிர் போகாது. வானொலிக்குக் கொடுப்பதானாலும் முன்கூட்டி நசுக்க வேண்டாம். கோடைப் பண்பலை 100.5 போல மலை உச்சியிலிருந்து சமவெளி முழுக்கக் கேட்கும் நிலையமோ வேறு எதுவோ, ஒலிபரப்புப் பாதையில் அவர்கள் பக்கமும் ஒரு லிமிட்டர் இருக்கும். நசுங்கியதை அது இன்னொரு முறை நசுக்கும்.

உங்கள் செஷனுக்கு வருவோம். முதலில் குரல் பஸ்ஸுக்கு ஒரு மாஸ்டர் ஃபேடர் போட்டு 6 இறக்கிப் பாருங்கள். கரகரப்பு தணிந்தால் பிழைத்தோம். பிறகு மிக்ஸ் ஆக்ஸ் ஒன்றை உருவாக்கி, ஃபேட்-அவுட் ஆட்டோமேஷனை மாஸ்டரிலிருந்து வெட்டி அங்கே ஒட்டுங்கள். மாஸ்டர் பூஜ்யத்தில் இருந்தாலும் சரி, மைனஸ் 3-இல் இருந்தாலும் சரி, நண்பர்கள் வரும்போது மட்டும் திரையைக் கொஞ்சம் மறைத்துக்கொள்ளுங்கள்.

அலைவடிவம் மேசை மாதிரி தட்டையாக இருந்தால் மட்டும் வேறு கதை. டி-கிளிப் பிளக்-இன்கள் வெட்டுப்பட்ட உச்சியை ஊகித்து ஓரளவு வரைந்து கொடுக்கும். நாலைந்து இடமென்றால் தாங்கும், பாட்டு முழுக்க என்றால் தாங்காது. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. சாயங்காலம் தப்பைத் தீயில் காய்ச்சுவதற்கு முன்னால் லெவல் பார்த்து கெயினை முடிவு செய்திருப்பீர்கள். தோல் காய்ந்து இறுகியதும் அடி கூர்மையாகும், சத்தமும் ஏறும், அதைத் தாண்டிக் கேட்க முன்பாட்டுக்காரரும் தொண்டையை ஏற்றுவார். அடுத்த மாசியில் காய்ச்சி முடித்து, முதல் பாட்டு ஓடும்போது லெவல் பாருங்கள். அதற்கு மேலும் ஒரு 10 டெசிபல் இடம் விட்டு, 24 பிட்டில் பதியுங்கள்.